மூக்கரும் பதினைந்தாவது வீடும்

தரையில் குப்புறப் படுத்து, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒரு மனிதர். வெளியே தெரிவது இரண்டு கால்களும், குதிகாலில் ஓட்டை விழுந்த ஒரு சாக்ஸும்தான். வீட்டுக்காரம்மா வாசற்படியில் நின்று கையைப் பிசைகிறார். வீட்டை விற்றுக்கொடுக்க வந்த புரோக்கர், தனக்கும் இந்தக் கால்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறார்.

"ஈர வாடை வருதே," என்கிறது தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"காலையில தரை தொடைச்சாங்க சார்."

"தரையைத் தொடைச்சா தரைதானே ஈரமாகும்? இங்க சுவரு ஊறிப்போய்க் கெடக்கு. சுவருக்குள்ள போயா தொடைச்சாங்க?"

பழைய வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவரைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கூரை, சுவர், தரை, குழாய், ஒயர் எல்லாவற்றையும் குடைந்து பார்த்து, போட்டோவோடு நாற்பது பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதித் தருவது இவர் தொழில். புரோக்கர்கள் முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் 'மூக்கர்'. பெயர் வைத்தவர் யாரோ, ஆளைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார். எந்த அறையாக இருந்தாலும் மூக்குதான் முதலில் நுழையும்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் இருபது வருடம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தார். அங்கே கட்டியதைவிடப் பூசி மெழுகியதுதான் அதிகம் என்று கூச்சமே இல்லாமல் சொல்வார். "இருபது வருஷம் மறைச்சேன், இப்போ தேடுறேன். ரெண்டுக்கும் ஒரே இடம்தான். புதுசா எதுவும் படிக்க வேண்டிய அவசியமே வரல." வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரே ஒரு மூலையில் மட்டும் புதிது என்றால், மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிடும். நேராகப் போய் விரல் முட்டியால் தட்டுவார். முழங்கால் உயரத்தில் ஒரு படம் மாட்டியிருந்தாலும் விடமாட்டார். "இந்த உயரத்துல படத்தை மாட்டுனா யாரு பாக்கறது? பூனையா?" என்று கேட்டுக்கொண்டே கழற்றுவார். பின்னால் எதையாவது அடைத்துப் பூசிய தடம் இருக்கும்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோலிக்குண்டு உண்டு. ஒவ்வொரு அறையிலும் குந்தி உட்கார்ந்து அதைத் தரையில் வைப்பார். தரை மட்டமாக இருந்தால் அது நிற்கும். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் உருளும். "எங்கடா போறே?" என்று அதனிடம் கேட்டபடி பின்னாலேயே தவழ்ந்து போவார். ஒருமுறை கோலி ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் மறைந்துவிட, விற்கிற குடும்பமே சேர்ந்து ஃபிரிட்ஜை நகர்த்திக் கொடுத்தது. பின்னால் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கோலி அதற்குள்ளே போயிருந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "இதுக்கே தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியாதுங்கறீங்க" என்றாராம்.

வேலை முடிந்த பிறகாவது சும்மா இருப்பாரா என்றால் அதுவும் இல்லை. ஓட்டலில் மெனு கார்டைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், செத்துப்போனவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோ தம்பி. அப்படியே மாடிக் குழாயையும் பாத்துடு, ஒழுகுது" என்று சொன்ன புண்ணியவான் இவர். மனைவியிடம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறார். "மொத மொத எங்க வீட்டுக்கு வந்தப்போ என்னை ஏறெடுத்தே பாக்கல. கூரையைத்தான் பாத்துட்டு இருந்தாரு. ரொம்பக் கூச்ச சுபாவம் போலன்னு எங்கப்பா ஏமாந்துட்டாரு."

இத்தனை கெட்டிக்காரர் கோட்டைவிட்ட இடம் ஒன்று உண்டு. அது அவருடைய அக்கா.

அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தனி ஆள், துணி தைத்துப் பிழைப்பவர். இதுவரை ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறார். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மடித்துக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருப்பார், அடுத்த தடவைக்கு ஆகும் என்று. இப்போது குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார்கள். "இனிமே என்னால பெட்டி கட்ட முடியாது. ஓட்டையோ ஒடைசலோ, எனக்குன்னு ஒரு வீடு வேணும். சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா எவனையும் கேக்கக் கூடாது" என்று முடிவெடுத்து, வீடு பார்த்துச் சொல்லத் தம்பியைக் கூப்பிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மற்றவர்களிடம் மூக்கர் நியாயமான ஆள். குறைகளை மூன்றாகப் பிரிப்பார்: பொறுத்துக்கொள்ளலாம், சரி பண்ணிக்கொள்ளலாம், ஓடிவிடலாம். பத்து வீடு பார்த்தால் எட்டு வீட்டுக்கு, இன்னின்னதைச் சரி பண்ணிக்கொண்டு வாங்குங்கள் என்றுதான் எழுதித் தருவார். அக்கா என்று வந்ததும் மூன்றும் ஒன்றாகிவிட்டது. முதல் வீட்டில் ஜன்னல் கம்பி துருப்பிடித்திருந்தது, ஓடிவிடலாம். நாலாவது வீட்டில் குழாய் சொட்டியது, ஓடிவிடலாம். ஒன்பதாவது வீட்டில் தலைகீழாக நின்று தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. "இவ்வளவு பழைய வீட்டுல ஒண்ணுமே இல்லன்னா எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று அதையும் தள்ளினார். இப்படியே பதினாலு வீடும் போயிற்று, இரண்டரை மாதமும் போயிற்று.

"நீ எனக்கு வீடு பாக்குறியா, இல்ல வீட்டுக்கு வியாதி பாக்குறியா?" என்று அக்கா கேட்டார்.

"உன் நல்லதுக்குத்தான்க்கா சொல்றேன்."

"என் நல்லதுக்காக என்னைத் தெருவுல நிறுத்தாம விடமாட்டே போலிருக்கு."

மூக்கருக்குப் பயம், வேறொன்றும் இல்லை. கம்பெனியில் இருந்த நாளில் அக்காவுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். இருந்த அவசரத்தில் அன்று மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் மழைக்கே கூரைப் பூச்சு பெயர்ந்து தையல் மெஷின்மேல் விழுந்தது. அக்கா அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். வந்து பார்த்து, "நல்லவேளை, தாகம் எடுத்துச்சு" என்று சிரித்துவிட்டு அடுத்த நாளே மறந்தும் போனார். தம்பியால் மட்டும் அந்தக் கூரையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

பதினைந்தாவது வீட்டுக்கு அக்கா அவரைக் கூப்பிடவில்லை. விஷயத்தை, அக்காவுக்கு வீடு காட்டிவந்த புரோக்கர்தான் போனில் சொன்னார். "அக்கா இன்னைக்கு அட்வான்ஸ் குடுக்கறாங்க சார். பரிசோதனை கிரிசோதனை ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க." அந்தக் குரலில்தான் எத்தனை ஆனந்தம்! மூக்கர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார்.

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள சின்ன வீடு. வீட்டுக்காரர், வயதானவர், முன்னறை நாற்காலியில் பத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வாசலிலேயே தம்பியை மறித்தார்.

"உன்னைக் கூப்பிட்டேனா?"

"கூப்பிட்டாத்தான் வரணுமா?"

"சரி, வந்தது வந்துட்டே. போய்ப் பாரு. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. கடைசியா நான் ஒரு கேள்வி கேப்பேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

பார்த்தார். ஒயர் பழையது, ஆனால் கெட்டி. சமையலறைக் குழாயில் லேசான கசிவு. பின்கதவு இழுத்துச் சாத்தினால்தான் மூடியது. ஒவ்வொன்றுக்கும் அவர் வாய் திறக்கப் பார்க்க, அக்கா விரலை உயர்த்த, அவர் விழுங்கிக்கொள்ள, கூடவே வந்த புரோக்கருக்குப் பிறவிப் பயனே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பின்னறையில், ஜன்னலுக்கு மேலே, முழங்கை நீளத்துக்கு ஒரு விரிசல் சாய்வாக ஏறியிருந்தது. மூக்கர் அதன் முன்னால் நின்றவர் நின்றவர்தான். நகத்தை விட்டுப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே பழைய பெயிண்டும் தூசியும், குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு சிலந்தியும் இருந்தன. நேற்று முளைத்த விரிசல் இல்லை. வந்து பல வருடம் ஆகி, அப்படியே அடங்கிப்போனது. மூளைக்கு அது புரிந்தது. பயம் கேட்கவில்லை.

"இப்போ கேக்கறேன்," என்றார் அக்கா. "இதே வீட்டை முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தி வாங்கறான்னு வெச்சுக்கோ. அவளுக்கு என்னன்னு எழுதிக் குடுப்பே?"

மூக்கர் வாயைத் திறந்தார். பொய் சொல்லத்தான் திறந்தார். 'ஓடிடு' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்காவைப் பார்த்தார். மெஷின்மேல் குனிந்து குனிந்து முதுகு எவ்வளவு வளைந்துவிட்டது என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பதினாலு வீட்டுக் கூரையைப் பார்த்த மனிதர், கூடவே வந்த அக்காவை ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

இந்த மாதிரி விரிசல் அடங்கிவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்று அடித்துச் சொல்ல ஒரே வழிதான் உண்டு. இரு முனையிலும் கோடு கிழித்துத் தேதி எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து வந்து பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது. வாங்கிக் குடியிருக்கப்போகிற வீட்டில்தான் இதைச் செய்வார்கள். வேண்டாம் என்று தள்ளுகிற வீட்டில் யாரும் இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள். புரோக்கருக்கும் அது தெரியும், பதினாலு முறை கூட வந்த அக்காவுக்கும் தெரியும்.

மூக்கர் புரோக்கரின் சட்டைப் பையிலிருந்து பென்சிலை உருவினார். விரிசலின் கீழ்முனையில் ஒரு கோடு போட்டார். "யோவ், இன்னும் அது என் சுவருய்யா!" என்று வீட்டுக்காரர் முன்னறையிலிருந்து எழுந்து வந்தார். மேல்முனைக்குக் கை எட்டவில்லை. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தம்பி ஏறி நின்று, கோடு போட்டு, அன்றைய தேதியை எழுதினார். அதற்குக் கீழே, ஆறு மாதம் தள்ளி இன்னொரு தேதியை எழுதி, அதைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார்.