சுறா எண்ணெய் பூசிய கையுறை

எங்கள் வீட்டு முன்னறையில், வாசலுக்கு நேரே ஓர் ஆணி இருக்கிறது. குருநகரில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அந்த இடத்துக்கு ஒரு மரியாதை உண்டு. வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பட்டம் வாங்கிய பிள்ளை இருந்தால், கறுப்பு அங்கி போட்டுச் சுருட்டிய கடதாசியைக் கையில் பிடித்தபடி எடுத்த படம் அங்கே தொங்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர், கைநாட்டு. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவா. வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் வாசித்தது நான். மீனவர் சங்கத்துக்கும் வங்கிக்கும் அப்பாவோடு போய், அவர் பெருவிரலுக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்ததும் நான். இப்போது மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். அந்த ஆணியில் என் படம் இருந்தது. ஒரு வருடம்கூட இருக்கவில்லை. அதற்குள் தங்கச்சி வென்றுவிட்டாள்.

என் தங்கச்சி குத்துச்சண்டைக்காரி. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்க ஒருவர் வந்தபோது, கணக்குப் பாடத்துக்குக் கள்ளம் போடுவதற்காகத்தான் அவள் அங்கே போனாள். முதல் போட்டியில் மூக்கால் இரத்தம் வடிய வந்தாள். அம்மா ஒப்பாரி வைத்தா. பிறகு மாவட்டத்தில் வென்றாள், மாகாணத்தில் வென்றாள், கொழும்பில் இறுதிப் போட்டியிலும் வென்று நாட்டின் சம்பியன் ஆனாள். அன்று போட்டிருந்த சிவப்புக் கையுறைகளைப் போட்டி நடத்தினவர்களே அவளுக்குக் கொடுத்தார்கள். வலக்கைக் கையுறையில் கறுப்புப் பேனையால் கையெழுத்து வைத்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா நேரே போய் என் படத்தைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, இரண்டு கையுறையையும் நாடாவால் முடிந்து ஆணியில் மாட்டினார்.

"அப்பா, வேறை ஆணி அடிக்கலாம்தானே?" என்றேன்.

"உந்தச் சுவர் உப்புக்காத்திலை பொருமிப்போச்சுது, பிள்ளை. உதிலை இனி ஆணி நிக்காது."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

அந்தக் கையெழுத்துத்தான் என்னை அதிகம் சுட்டது. அவளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தது நான். அடையாள அட்டைக்குக் கையெழுத்து வேண்டும் என்றபோது, முழுப் பெயரையும் தமிழில் எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு இருந்தாள். நான்தான் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்து அடிக்கோடாக வளைத்துக் காட்டினேன். இப்போது அந்த வாலைப் பெடியன்கள் சட்டையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் கையெழுத்தை எல்லாரும் கேட்டார்கள், விண்ணப்பத்தின் அடியில். ஒருவரும் அதைச் சட்டையில் கேட்கவில்லை.

இந்த வருடம் அரையிறுதியில் தங்கச்சியின் வலக்கை எலும்பு உடைந்தது. முழங்கைவரை கட்டோடு வீட்டுக்கு வந்தாள். திரும்பக் குத்தலாமா என்பதைக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொல்லலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கை உடைந்ததைப் பார்க்கவும் சனம் வந்தது. பழமும் பிஸ்கற்றும் மேசையில் குவிந்தன. நான் கம்பஸில் பட்டம் முடித்து வந்தபோது பக்கத்து வீட்டு மாமி மட்டும் வந்து, "இனிக் கலியாணம்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனா.

ஒருநாள் அப்பா சாப்பாட்டில் கை வைத்தபடியே சொன்னார். கொழும்புக்கு இறுதிப் போட்டிக்கு அவள் போனபோது, பல்லுப் போகாமல் வென்று வந்தால் வென்ற கையுறையைப் பெருநாள் ஏலத்துக்குத் தருவேன் என்று எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் புனிதருக்கு நேர்ந்திருந்தாராம். ஆசையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்.

"அதுதான் கை முறிஞ்சது. இந்தப் பெருநாளுக்குக் குடுத்திடோணும்."

எங்கள் கோயில் பெருநாளில் நேர்ந்த சேவலையும் முதல் மீனையும் குலை வாழைப்பழத்தையும் ஏலம் விடுவார்கள். கையுறை அதோடு போகப் போகிறது. ஆணி வெறுமையாகும். அன்று நான் அலுமாரிக்கு மேலிருந்த படத்தை இறக்கித் தூசி தட்டினேன்.

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் அம்மா போட்ட சத்தத்தில் ஓடி வந்தேன்.

"என்னப்பா செய்தனீங்கள்? இதென்ன வள்ளமோ?"

கையுறையில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்ததாம். புனிதருக்குக் கொடுக்கும் பொருள் துப்புரவாக இருக்க வேண்டும் என்று, வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயை அப்பா துணியில் தோய்த்து நன்றாகத் தேய்த்துவிட்டார். தோல் பளபளத்தது. கையெழுத்துக் கறுப்புச் சேறாகி அவருடைய துணியில் இருந்தது. மணம் தெருமுனைவரை போயிருக்கும்.

"கையெழுத்தில்லாததை ஆர் கேப்பினம்? பழுதானதைக் கோயிலுக்குக் குடுக்கவும் ஏலாது," என்றார் அப்பா. அவர் கண் ஆணிக்குப் போனது. கையுறை திரும்ப அங்கேயே ஏறிவிடும் போலிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீதானே அதைக் காட்டிக் குடுத்தனி. நீ வை."

மறுக்க வேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. அம்மா சவர்க்காரம் போட்டு எண்ணெயைத் துடைத்துத் தர, நான் பழைய பேப்பரில் வாலை இழுத்துப் பழகினேன். என் வால் அவளுடையதைவிட வடிவாக வந்தது. ஊரே என் எழுத்தைத் தடவிப் பார்க்கப் போகிறது.

தங்கச்சி வந்து பேனையைப் பறித்தாள்.

"அக்கா, புனிதருக்கே கள்ளக் கையெழுத்தோ?"

"கள்ளமோ? இது ஆரின்ரை கையெழுத்தடி?"

"உன்ரைதான். ஆனால் குத்து வாங்கினது நானெல்லோ? எனக்கு மற்றக் கை இருக்கு."

கையுறையைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி, இடக்கையால் எழுதினாள். கோழி கிளறியது போல இருந்தது. வால் இல்லவே இல்லை.

அடுத்தநாள் எல்லாரும் கோயிலுக்குப் புறப்பட, கதவு பூட்ட நான் பின்னால் நின்றேன். படத்தை ஆணியில் மாட்டி, நேராக்கிவிட்டுப் போனேன்.

ஏலத்தில் கையுறையை உயர்த்திப் பிடித்ததும் கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "என்ன மணமிது? கையுறையோ கருவாடோ?"

"உவள் சுறாவோடை அடிபட்டவள் போல!" என்றார் இன்னொருவர்.

ஏலம் கூறியவர் விடவில்லை. "சிரியாதையுங்கோ! வலக்கையாலை வெண்டவள் இடக்கையாலை வைச்ச கையெழுத்து. இப்பிடி ஒண்டு கனடாவிலையும் இல்லை!"

அதற்குப் பிறகு விலை ஏறிய வேகத்தை நான் பார்க்க விரும்பவில்லை. கோணல் எழுத்துக்கே அவ்வளவு. கடைசியில் நாலு வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் எடுத்தார். எடுத்ததை நேர்ந்தவர் வீட்டுக்கே திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் பெரிய பெருமை. அவர் கையுறைகளைத் தங்கச்சியின் கழுத்தில் மாலையாகப் போட்டார். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன், உள்ளங்கை படாமல்.

வீட்டு வாசலில் அப்பா கையுறையோடு நின்றார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கதவுச் சாவியைப் பார்த்தேன்.

"என்ன யோசிக்கிறியள்?" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினா. "உந்த நாத்தத்தை உள்ளுக்கை கொண்டு வரவேண்டாம்! வலைக்கொட்டிலிலை கொண்டுபோய்த் தூக்குங்கோ!"

அப்படித்தான் ஆணி எனக்குத் திரும்பக் கிடைத்தது.

போன கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் கையுறை பார்க்க வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டிலுக்குப் போவதென்றால் எங்கள் முன்னறையைத் தாண்ட வேண்டும். ஒருத்தி என் படத்துக்குக் கீழே நின்று, "இது ஆர், ஐயா?" என்று கேட்டாள். நான் அறைக்குள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேனையை நிறுத்தினேன்.

"என்ரை மூத்தவள்," என்றார் அப்பா. அவர் குரல் நிறையப் பெருமை. "தங்கச்சிக்குக் கையெழுத்து வைக்கக் காட்டிக் குடுத்தவளே இவள்தான்."

பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினார்கள்.