லைன் கிளியர்

எங்கள் தெருவில் பள்ளி இறுதித் தேர்வு எழுதித் தேறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் கூலிக்கு நின்றவர்கள். மழை பொய்த்த பிறகு சிவகாசிக்கு வந்து தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தார்கள். நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஊருக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனியில், டெலிபோன் மேசையில் உட்கார்ந்தேன். இதை எழுதும்போது இப்போதும் என் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

அந்த வருடம் புதிதாக வந்திருந்த மேனேஜர், எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும், பெண்களையும் எடுக்க வேண்டும் என்று நினைத்தவர். நல்ல மனிதர். "நீ ஒழுங்கா நின்னு காட்டும்மா. உன் தங்கச்சியையும் உங்க தெருப் பிள்ளைகளையும் எடுத்துக்கிறேன்" என்றார். தங்கை அப்போது பதினோராம் வகுப்பு. அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்துத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அவனும் அப்போதுதான் லைன்மேனாகக் கம்பத்து வேலைக்குச் சேர்ந்தான்.

என் வேலை லைன் கிளியர் கொடுப்பது. கம்பத்தில் ஏற வேண்டியவர் பக்கத்து அச்சாபீஸ் எதிலிருந்தாவது எனக்குப் போன் செய்வார். நான் சப் ஸ்டேஷனைக் கூப்பிட்டு அந்த லைனின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வேன். நிறுத்தியாயிற்று என்று பதில் வந்ததும் அவரிடம் "லைன் கிளியர்" என்பேன். அதற்குப் பிறகே கம்பியில் கை வைக்கலாம். வேலை முடித்து இறங்கியதும் அவர் மறுபடி என்னிடம் சொல்ல வேண்டும். ஏறியவர்கள் எல்லோரும் அப்படிச் சொன்னால்தான் மின்சாரம் விடச் சொல்வேன்.

மற்ற லைன்மேன்கள் கொஞ்சமாவது நிலம் வைத்திருந்த குடும்பத்துக்காரர்கள். அவர்களில் மூத்தவர் முதல் நாளே என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"ஒரு பொம்பளப் புள்ள பேச்சக் கேட்டுக் கம்பத்துல ஏறி, எம் பொண்டாட்டி தாலிய அறுக்கச் சொல்றீகளா? அதுலயும் எந்தத் தெருப் புள்ளைன்னு பாத்தீகளா?"

அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "வீட்டுல அவுக சொன்னா கெணத்துலயே எறங்குவீகளாமே அண்ணாச்சி" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், "எவன்லே ஒனக்கு அண்ணாச்சி?" என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒருவர் சைக்கிளில் நேரே சப் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லி நிறுத்துவார். முடிந்ததும் அவரே போய்ப் போடச் சொல்வார். நான் மேனேஜரிடம் முறையிட்டேன். "போகப் போகச் சரியாகும்மா. இப்பவே கண்டிச்சா அத்தனை பேரும் வேலைய விட்டு நின்னுருவாங்க" என்றார். என் சொல்லுக்குக் கம்பம் ஏறியவன் அண்ணன் ஒருவன்தான்.

"ஏளா, ஏறவா?" என்பான்.

"ஏறுண்ணே. லைன் கிளியர்."

தீபாவளி சீசன். காற்றில் அச்சாபீஸ் தெரு லைன் இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. ஒரு முனைக்கு மூத்தவர் ஆட்களோடு போனார். மறுமுனைக்கு அண்ணன். எங்கள் ஆபீசுக்கும் அதே லைன்தான். அண்ணனுக்கு நான் கிளியர் கொடுத்தேன். தலைக்கு மேல் மின்விசிறி நின்றிருந்தது. வேர்வையைத் துடைத்தபடி அவன் போனுக்காகக் காத்திருந்தேன்.

போன் அடிக்கவில்லை. மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

சப் ஸ்டேஷனைக் கூப்பிட்டு, "நான் சொல்லலையே! நிறுத்துங்க! எங்கண்ணன் மேல இருக்கான்!" என்று கத்தினேன். நிறுத்தினார்கள். அதற்குள் அவன்மேல் மின்சாரம் பாய்ந்திருந்தது.

விசாரணையில்தான் எனக்கு மற்றது தெரிந்தது. அச்சை முடித்து லோடு ஏற்ற வேண்டும் என்று அச்சாபீஸ்காரர்கள் அவசரப்படுத்த, மூத்தவர் தன் பக்கம் முடிந்ததும் சப் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமா?" என்றாராம் அங்கே இருந்தவர். "அதுகிட்டக் கேட்டுத்தான் கரண்டு போடணும்னா நாம எதுக்குலே இருக்கோம்?"

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணனின் வலது கையை எடுத்தார்கள். மூத்தவர் அங்கே வந்து அழுதார். பொய் அழுகை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் விசாரணை முடிவில், டெலிபோன் மேசையில் நேர்ந்த குழப்பம் என்று எழுதியபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உன்மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா இனிமே பொண்ணுங்கள எடுக்க மேல இருக்கிறவங்க சம்மதிக்க மாட்டாங்க."

என்னைப் பின்னறையில் தபால் உறை ஒட்டப் போட்டார்கள். என் மேசைக்கு மூத்தவரின் சொந்தக்காரன் ஒருவன் வந்தான். அவன் கிளியர் கொடுத்தால் எல்லோரும் ஏறுகிறார்கள். இறங்கியதும் அவனிடம் மறக்காமல் சொல்கிறார்கள். அண்ணன் வாசலில் வாட்ச்மேன். வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்தால் மேனேஜர் அவனைக் காட்டி, எங்கள் கம்பெனியில் எல்லா ஜனங்களும் இருக்கிறார்கள் என்பார். அவன் இடது கையால் சலாம் வைப்பான்.

தங்கை என்னைவிட அதிக மார்க் வாங்கித் தேறினாள். கொஞ்ச நாள் தினமும் சாயங்காலம் கேட்டுக்கொண்டிருந்தாள், "ஒங்க மேனேஜர் எப்பக்கா கூப்புடுவாக?" என்று. இப்போது கேட்பதில்லை. விடிவதற்கு முன்னால் அம்மாவோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். நான் எழுந்திருக்காமல் படுத்திருப்பேன். அவள் போகும் சத்தம் கேட்கும்.