கத்திய கோழி

மங்கா அத்தையின் கோழி பஸ்ஸில் அடிபட்டுச் செத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகத்தான் நான் நம்பினேன். போன வாரம் உத்திரமேரூர்ச் சாலையில் பரப்பியிருந்த உளுந்துச் செடிமேல் என் வண்டி ஏறி நொறநொறவென்றதும், எட்டு வயதுக்குத் திரும்பிவிட்டேன்.

அப்போதும் காய்ந்த செடியைத் தார் ரோட்டில் பரப்புவோம். பஸ் ஏறினால் மணி உதிரும். அன்றைக்குக் காவல் நான். காலை பஸ் போனதும் அத்தையின் கோழியைக் காணவில்லை.

"பஸ்ஸு ஏறச்சொல்ல கோழி கத்துச்சாடா?" என்றாள்.

ஏறும்போது கத்தியதா என்றுதான் கேட்டாள்; ஏறியதா என்று கேட்கவே இல்லை. "கத்துச்சு அத்தை" என்றேன். சொன்ன பிறகு அந்தச் சத்தம் என் காதில் நிஜமாகவே கேட்டது. மத்தியானத்துக்குள் நான் சொன்ன கதையில் இறகு பறந்தது. சாயங்காலம் ரத்தமும் வந்துவிட்டது.

திரும்பி வந்த பஸ்ஸை ஊரே மறித்தது. என்னை ஹாரன் அடிக்கவிடும் டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார்.

"இன்னா நைனா, நானா அடிச்சேன்? நீ பாத்தியா?"

"ரத்தம் வந்துச்சுண்ணா."

"எங்க கீது ரத்தம்? காட்டு, பாக்கலாம்."

ரோட்டில் ஒரு சொட்டுகூட இல்லை. பொய்ச்சாட்சிக்குத் தூக்குதான் என்று முடிவுகட்டி, என் கோலிக்குண்டுகளை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். அழுகையில் மூக்கு ஒழுகியது.

"உன் சாட்சில தீய வைக்க!" என்று அத்தை, ரோட்டோரம் குவித்திருந்த உளுந்துக் குவியலிலிருந்து ஒரு கை செடியை உருவி என்னை அடிக்க ஓங்கினாள். குவியலுக்கடியில் கோழி முட்டையிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தது.