சுவருக்கு அந்தப் பக்கம் வந்த ஆம்புலன்ஸ்

தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பல்லடம் சாலையை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டினோம். எங்கள் மனைப்பிரிவில் நான்கு தெருக்கள். நான்கும் ஒரே சுவரில் போய் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவர் போட்ட மனைப்பிரிவு. அங்கிருக்கும் மருந்துக்கடைக்குப் போக மெயின்ரோட்டுக்குப் போய், லாரிகளுக்கு நடுவே நடந்து, மறுபடி உள்ளே வர வேண்டும். பழகிவிட்டோம். பழகியதுதான் தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். வலது கையை அசைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். சைரன் சீக்கிரமே கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம்.

டிரைவர் போனில் கத்தினார்: "மேப்புல உங்க ஊடு இங்கதானுங்க காட்டுது. முன்னால செவுரு நிக்குதுங்க!"

"சுத்தி வாங்கய்யா."

"மெயின்ரோட்டுல கன்டெய்னர் குறுக்க நிக்குதுங்க. நகர வழியில்லீங்க."

பக்கத்து வாடகை வீட்டு பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் சுவரில் ஏறினார்கள். போர்வையில் கிடத்தி, துணி மூட்டையைத் தூக்குவதுபோல என் கணவரைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினோம். அவருக்கு நினைவு இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்ததை நான் பார்த்தேன்.

உயிர் பிழைத்தார். கை திரும்பவில்லை.

சுவருக்கு அந்தப் பக்க மனைப்பிரிவின் சங்கத் தலைவரிடம் போனேன். காப்பி கொடுத்து உட்கார வைத்தார். "செவுர எடுத்தா கண்டவங்களும் உள்ள வருவாங்களேங்க" என்றார். யார் அந்தக் கண்டவர்கள்? அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் மனு போட்டு வரைபட நகல் வாங்கினேன். அதில் எங்கள் தெரு சுவரைத் தாண்டிப் போகிறது. "காகிதத்துல ரோடு இருக்குதுங்க" என்றார் அங்கிருந்தவர்.

"பொறவு செவத்த யாரு வச்சா?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கடப்பாரையோடு போனேன். தெருப் பெண்கள் ஆறு பேர் கூட வந்தார்கள். பாதி இடிப்பதற்குள் போலீஸ் வந்தது. நகலைக் காட்டினேன். படித்துவிட்டு, இடித்தவரை இருக்கட்டும், மீதியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது ஸ்கூட்டர் போகும். ஆம்புலன்ஸ் போகாது. வழக்கு நடக்கிறது. தெற்கே புதிதாக இன்னொரு மனைப்பிரிவு போடுகிறார்கள். மனைக்கல் நடும் முன்பே சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது.