ரயிலுக்காக நின்ற பாட்டு

சித்தப்பாவும் டிரம்ஸ் அங்கிளும் பேசாமலிருந்த மூன்று வாரமும் எனக்கு ராஜவாழ்க்கை. "பாப்பா, அவன்கிட்ட சொல்லு, பல்லவியில மெதுவா அடிக்கணும்." "பாப்பா, உங்க சித்தப்பாவ முதல்ல சுருதியில பாடச் சொல்லு." ஒரே பாயில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் நடுவே நான்தான் தபால்காரி. சிங்கப்பூரில் வேலை கிடைத்ததை அங்கிள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுச் சித்தப்பாவிடம் கடைசியாகச் சொன்னாராம். அதுதான் சண்டை. எட்டு வயதில் எனக்கு அது சண்டையாகவா தெரிந்தது? எனக்குக் கிடைத்த உத்தியோகமாகத் தெரிந்தது.

இவர்கள் இருவரையும் சேர்த்து இசைக்குழுவில் நாலு பேர். அந்த நால்வரும் பாட்டுக் கட்டியது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில், தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் பிளாட்டில். கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து டிரம்முக்குப் பதில் தலையணையும் மைலோ டின்னும். நாலு மணிக்குத் தொடங்கினால் இரண்டாம் சரணம் முடியும்போது சரியாக ரயில் வரும். எல்லோரும் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். அது போனதும் தொடர்வார்கள்.

பாட்டுப் பதிவு கிள்ளானில், ஒரு கடைவீட்டின் மாடியில். எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வேண்டும். மறுநாள் காலை அங்கிளுக்குச் சிங்கப்பூர் பஸ். ஐந்து மணிக்கு அறை வேறொரு குழுவுக்கு.

இரண்டாம் சரணம் முடிந்தது. நால்வரும் டக்கென்று நின்றார்கள்.

"என்ன பாஸ், கரண்ட் போச்சா?" என்றார் பதிவு செய்பவர்.

மறுபடி வாசித்தார்கள். மறுபடி அதே இடத்தில் கை நின்றது. நான்காவது முறையும் நின்றபோது மணி நாலே முக்கால். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"அவன நிப்பாட்டாம அடிக்கச் சொல்லு, பாப்பா."

"அவருதான் முதல்ல நிப்பாட்டுறாரு, சொல்லு."

எனக்கே அலுத்துப்போயிற்று. "ரயில் போகட்டும் சித்தப்பா, அப்புறம் பாடுங்க" என்றேன்.

பதிவு செய்பவர் சிரித்தார். "பாப்பா சொல்றது சரிதான்லா. நிக்கிறது நல்லாத்தான் இருக்கு. நின்னுட்டு மறுபடி தொடங்குங்க."

நின்றார்கள். ஆனால் எப்போது தொடங்குவது? அந்த அறையில் ஜன்னல் இல்லை. சித்தப்பா வேறு வழியில்லாமல் அங்கிளின் முகத்தைப் பார்த்தார். அங்கிளும் பார்த்தார். ஒரு சின்னத் தலையசைப்பு. நால்வரும் ஒன்றாக இடிபோல இறங்கினார்கள். பாட்டு முடியும்வரை யாரும் நிற்கவில்லை.

படியிறங்கும்போது சித்தப்பா, "பசிக்குதாடா?" என்றார்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலடா" என்றார் அங்கிள். இருவருக்கும் பெருமூச்சு ஒன்றாகவே வந்தது.

நான் நடுவில் ஓடிப்போய், "அவர்கிட்ட என்ன சொல்லணும் சித்தப்பா?" என்று இரண்டு தரம் கேட்டேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தும் நான் உம்மென்றே இருந்தேன். என் உத்தியோகம் போய்விட்டது, இவர்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் புரியவேயில்லை.