“எங்க, காட்டு” என்ற செல்வமணி டீச்சர்

சொல்லாகவும் சொல்லைக் கடந்த பொருளாகவும் நிற்கும் அம்பலத்தரசே, தளர்ந்த என் கை தவறாக எழுதாமல் காத்தருள்க.

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போது, செல்வமணி டீச்சரிடம் ஆங்கிலம் பயிலும் ராஜம்மா தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே. நான் இன்னைக்கு இன்டர்வியூ போவல லா.”

அங்கேயே அமர்ந்துவிட்டேன். இந்த வயதில் இத்தகைய செய்திகள் ஓய்வதில்லை. கேட்கும் வலிமைதான் ஓய்கிறது. “டீச்சருக்காகப் போம்மா. முடிச்சிட்டு டீச்சர் வீட்டுக்கு வா” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

செல்வமணி டீச்சர் எங்கள் மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். புக்கிட் செலம்பாவ் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் என் திருமுறை வகுப்பு முடிந்ததும், அதே பாயில் தொழிற்சாலைப் பெண்களும் லாரி ஓட்டுநர்களும் அவரிடம் ஆங்கிலம் பயில அமர்வார்கள்.

ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ (have) சேர்த்துப் பேசுவதற்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்ளே நுழைபவர் தாம் செய்த ஒன்றை அப்படிச் சொல்ல வேண்டும். அதன் தடம் அவர்மேல் தெரிய வேண்டும். “ஐ ஹேவ் குக்ட்”, அதாவது சமைத்திருக்கிறேன் என்றால் கையில் மஞ்சள் இருக்க வேண்டும். “நேத்துன்னு நாள் சொன்னா அது முடிஞ்ச கதை, அதுக்கு ஹேவ் வேணாம். இப்ப என்ன நிக்குது? எங்க, காட்டு” என்பார்.

லாரி ஓட்டும் முனியாண்டி ஒருநாள், குளித்துவிட்டு வந்ததாக, “ஐ ஹேவ் பேத்ட், டீச்சர்” என்றார்.

“தெரியலையே தம்பி!”

மண்டபமே சிரித்தது.

“வந்திருக்கேன்னு நாமளும் சொல்றோமே அம்மா” என்றேன் ஒருமுறை. “அதேதான் ஐயா. வந்ததோட விடாம, இன்னும் இருக்கேன்னும் சொல்றோம்ல” என்றார்.

ராஜம்மா கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தர வேலைக்கான நேர்காணல் ஆங்கிலத்தில். தவறினால் ஒப்பந்தமும் முடிந்துவிடும். படுத்த படுக்கையாயிருக்கும் கணவருக்கும் அவர் சம்பளமே சோறு. கடந்த ஞாயிறன்று, “வாயே தொறக்காது டீச்சர்” என்று கலங்கினார். சூடுபட்டுத் தழும்பேறிய அவர் விரல்களை டீச்சர் பிடித்துக்கொண்டார். “ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் இயர்ஸ். இத வச்சிக்கிட்டா பயம்? போய்ப் பேசிட்டு வந்து எனக்குக் காட்டு.”

பிற்பகலில் டீச்சர் வீட்டில் அவர் தம்பி, “எடுக்கலாமா ஐயா?” என்றார். நான் பாடிய பதிகம் முடிந்திருந்தது, தொண்டை வறண்டிருந்தது. வாசலைப் பார்த்தேன். இன்னொரு பதிகத்தைத் தொடங்கினேன்.

அது முடியுமுன் முனியாண்டியின் மோட்டார் சைக்கிளிலிருந்து ராஜம்மா இறங்கினார். நேர்காணலுக்கு ஒட்டிய எண் சட்டையில் அப்படியே இருந்தது. உடலருகே குனிந்து, அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

“டீச்சர், ஐ ஹேவ் ஸ்போக்கன்.”

முடிவு திங்களன்றுதான் தெரியும். “இப்ப எடுக்கலாம்” என்றேன்.

போய் வாருங்கள், அம்மா. நீங்கள் காட்டச் சொன்னதை ராஜம்மா காட்டிவிட்டார்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும், உழைத்த கைக்குப் பலனும் களைத்த உடலுக்கு உறக்கமும் இறைவன் அருள்வானாக.