இடுப்பில் மூன்று தையல்

அக்காளுக்கும் தங்கைக்கும் வயதில் இரண்டு வருட வித்தியாசம். உடம்பில் அந்த வித்தியாசமும் கிடையாது. இருவரும் சேர்ந்து நடந்தால் எதிரே வருபவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். "லாரியும் டிரெய்லரும் கிளம்பிருச்சு" என்பார் சலவைக்கடைக்காரர். "இதுல யாருண்ணே லாரி?" என்று தங்கை மடக்குவாள். அக்காள் சிரிப்பாள். கேலியில் பாதியை இன்னொருத்தி சுமந்ததால் அவளுக்கு அது கனக்கவில்லை.

அக்காளுக்குத் தையல்தான் தொழில். வீட்டின் முன்னறையே கடை. தங்கை பேருந்து நிலையத்தில் முன்பதிவுக் கவுண்டரில் உட்காருபவள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அந்த வீட்டில் இருந்தது இவர்கள் இருவர் மட்டுமே. இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் முழங்கால் வலி. எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு ஒரே நாளில் பெயர் கொடுத்தார்கள்.

கத்தி வைப்பதற்கு முன் மனநல ஆலோசகர் ஒருவர் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார். "மனசு சரியில்லாதப்போ சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். நல்ல முகமாக இருந்ததால் அக்காள் நூல் பெட்டிக்குள் ஒளித்து வைக்கும் பிஸ்கட் வரைக்கும் சொல்லிவிட்டாள். அதே கேள்விக்குத் தங்கை, "வேளாவேளைக்குத்தாங்க, நடுவுல தொடவே மாட்டேன்" என்றாளாம். அந்தப் பிஸ்கட்டில் பாதி அவள் தின்றது. தங்கைக்குத் தேதி கிடைத்தது. அக்காளை ஒரு வருடம் பொறுக்கச் சொன்னார்கள். அதுவரை வாரம் ஒருநாள் வந்து பேசவேண்டும். அவள் ஒருமுறை போனாள். அப்புறம் போகவில்லை.

தங்கையின் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். ஆலோசகர் அவளுக்குச் சொல்லியனுப்பியதை அவள் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தாள். "வீட்ல எடை மெஷின் வாங்கக்கூடாதாம்க்கா, ஏறி ஏறிப் பாத்தே நிம்மதி போயிடுமாம். கண்ணாடியையும் நம்பக்கூடாதாம். உடம்பு இளைச்சாலும் மனசு பழைய ஆளத்தான் காட்டுமாம். போட்டிருக்கிற துணிய நம்பச் சொன்னாங்க."

அக்காள் தையல் மெஷினை விட்டுக் கண்ணெடுக்காமல், "துணிதானே, நான் பாத்துக்கறேன்" என்றாள். அப்போது அவள் மனதில் கள்ளம் எதுவும் இல்லை.

மூன்று மாதத்தில் தங்கையின் பாவாடை இடுப்பிலிருந்து நழுவியது. அக்காள் அளவு நாடாவைப் போட்டு, ஐந்து அங்குலம் குறைந்திருப்பதைச் சத்தமாகச் சொன்னாள், அந்த அளவுக்கே புதுப் பாவாடையும் தைத்துக் கொடுத்தாள். தங்கை கையைத் தட்டிக்கொண்டு முன்னறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். மாடிப்படியை மூச்சிரைக்காமல் ஏறினாள். சர்க்கரை மாத்திரை நின்றது. துணி தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் துணியை மறந்து, "உங்க தங்கச்சியா இது!" என்றார்கள். அவர்கள் கண் பிறகு அக்காளின் மேல் வந்து ஒரு நொடி நின்றுவிட்டு நகரும். சலவைக்கடைக்காரர் மட்டும் வாயைத் திறந்தே கேட்டார்: "என்னம்மா, லாரி இப்போ தனியா ஓடுது?"

இதுவரை குண்டாயிருந்தது வீட்டுச் சமாச்சாரம். இப்போது அது அக்காள் ஒருத்தியின் குற்றமாகிவிட்டது. தங்கை நோயோடு கிடக்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தன்னை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்தாள். பொறாமை பெரும்பாலும் அந்த முகத்தோடுதான் வருகிறது. பாசத்துக்கும் அதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

ஒருநாள் தங்கை வேலைக்குப் போனபின், அவளுடைய பாவாடையின் இடுப்புப் பட்டியைப் பிரித்து ஒரு அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தாள். கொக்கி இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு, இறுக்கம் அப்படியே இருப்பதைப் பார்த்த தங்கை, "இந்த மாசம் ஒண்ணும் இறங்கலபோல இருக்கேக்கா" என்றாள். அக்காள் நாடாவைப் பிடித்துப் பார்த்து, "அதே அளவுதான்டி" என்றாள்.

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

தங்கை பயந்துபோனாள். பழைய உடம்பு திரும்பி வருகிறது என்று நினைத்து, குடிக்கச் சொன்ன புரதக் கரைசலைப் பாதியாக்கினாள், பிறகு நிறுத்தினாள். சத்து மாத்திரையால் பசி வருகிறது என்று அதையும் விட்டாள். தின்ற இரண்டு வாயும் வாந்தியாக வந்தது. கவுண்டரில் கூட வேலை செய்பவர்கள், "எலும்பா போயிட்டியேம்மா" என்றபோது, மனசு நோகாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. பாதம் மரத்துப்போய், நடக்கையில் சுவரைப் பிடித்தாள்.

அக்காள் எல்லாவற்றையும் பார்த்தாள். "சாப்பிடுடி" என்று கெஞ்சவும் கெஞ்சினாள். ஆனால் பிரிக்கவேண்டிய தையலைப் பிரிக்கவில்லை. பிரித்தால் ஏன் என்று கேட்பாளே.

ஆறாம் மாதப் பரிசோதனைக்குத் தங்கையைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனவளும் அவள்தான். எடை இயந்திரத்தைப் பார்த்த டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினாள். "இவ்வளவு வேகமா இறங்கக்கூடாதே. என்ன சாப்பிடறீங்க?"

"மெஷின் தப்பு டாக்டர். மூணு மாசமா நான் இளைக்கவே இல்ல."

"இந்த மூணு மாசத்துல மட்டும் பதினெட்டுக் கிலோ குறைஞ்சிருக்கும்மா."

"பாருங்க, இதே பாவாடை, இதே கொக்கி! நான் என்ன பொய்யா சொல்றேன்?" தங்கை கொக்கியைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். அக்காளிடம் தணிந்த குரலில், "சில பேருக்கு இப்படி ஆகும். உடம்பப் பத்தி மனசு பிடிவாதமா ஒண்ணு நம்பும். மனநல வார்டுல வெச்சுப் பாக்கணும்" என்றாள்.

"எனக்குப் பைத்தியமா? அக்கா, நீ சொல்லுக்கா! மாசாமாசம் நீதானே அளந்தே?"

அக்காள் எழுந்தாள். தங்கையின் இடுப்புப் பட்டியை வெளிப்பக்கமாகப் புரட்டினாள். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக மூன்று தையல் ஓடியிருந்தது.

"அவ மனசுல ஒண்ணும் இல்ல டாக்டர். நான் பிடிச்சுத் தெச்சேன்."

டாக்டரம்மாவுக்குச் சட்டென்று புரியவில்லை. தங்கைக்குப் புரிந்தது.

"எப்போ?"

"நீ வேலைக்குப் போனப்புறம்."

"நான் வாந்தி எடுத்துட்டுக் கிடந்தப்பவுமா?"

"ஆமாடி."

தங்கை கத்தவில்லை. புரட்டிய பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "இவங்கள வெளிய போகச் சொல்லுங்க" என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள். அக்காளை அவள் 'இவங்க' என்றது அதுவே முதல் தடவை.

பத்து நாள் மருத்துவமனையில் வைத்து ஊசியிலும் டிரிப்ஸிலும் சத்து ஏற்றினார்கள். கால் மரமரப்பு மெல்லமெல்லக் குறைந்தது. அந்தப் பத்து நாளும் அக்காள் வார்டு வாசல் பெஞ்சிலேயே இருந்தாள், தங்கை உள்ளே கூப்பிடவில்லை. மூன்றாம் நாள், அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஆலோசகரின் அறைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும், பிஸ்கட்டை விட்டுவிட்டு இடுப்புப் பட்டியிலிருந்து தொடங்கினாள்.

தங்கை வீட்டுக்குத்தான் வந்தாள். போவதற்கு வேறு இடம் இல்லை. சாப்பிட்டாள், தேவைக்குப் பேசினாள். ஒருமாதம் கழித்து ஒரு காலையில் புதுக் கவுன் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். யாரோ பேருந்து நிலையத்துப் பக்கத்துத் தையற்காரி தைத்தது. தோள் தூக்கிக்கொண்டிருந்தது, கழுத்து ஒருபக்கம் இழுத்தது. அந்த முகம் தெரியாதவளின் மேல் அக்காளுக்கு வந்த எரிச்சல், தங்கையின் மேல் என்றைக்கும் வராத எரிச்சல். தங்கையை நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, நாடாவைச் சுற்றிப் போட அந்தத் தையற்காரிக்கு அனுமதி இருந்திருக்கிறது.

"தோள் சரியில்லடி. கழட்டிக் குடு, ரெண்டு நிமிஷம்."

"தெரியும், கோணலாத்தான் இருக்கு" என்றாள் தங்கை, செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா இது லூசானா எனக்குத் தெரியும்."